காய்ச்சற் படுக்கையும் குருதியுறைவும்

குருதியின் தொழில் இரு வகைப்பட்டது. கலன்களின் உள்ளே அது தடையின்றி ஓடுதல் வேண்டும். காயம் பட்டவிடத்தில் உடனே உறைந்து வாயிலை அடைத்தல் வேண்டும். இவ்விரு தொழில்களும் தத்தமக்குரிய இடத்தில் நிகழும் வரையில் உடல் நலமாக இருக்கும். உறைய வேண்டிய இடத்தில் ஓடினும் உயிருக்குக் கேடு. ஓட வேண்டிய இடத்தில் உறையினும் உயிருக்குக் கேடு. முதலாவதை நம் மக்கள் நன்கறிவர். வெளியே வழியும் குருதி கண்ணுக்குப் புலனாகின்றது. இரண்டாவதை அறிந்தவர் சிலரே. அது உடலினுள்ளே ஓசையின்றி நிகழ்வது. சுவாச நோய் கொண்டு வைத்தியசாலையிற் படுத்திருப்போருக்கு இவ்வுள்ளுறைவினால் நேரும் ஆபத்தைப் பற்றியே எமது கல்லூரியின் விழா மலரிற் சில கூற விழைகின்றோம்.

விழா மலரில் மருத்துவப் பேச்சு எதற்கு என்று வினவுவாரும் உளர். எம் பழைய மாணவர் பலர் இன்று அறுபதைக் கடந்தவர். மற்றும் பலர் முதிய தாய் தந்தையரைப் பேணுபவர். சிலர் வைத்தியராகவும் தாதியராகவும் மருந்தாளராகவும் இத்தீவிலும் கடல்கடந்த நாடுகளிலும் பணிபுரிபவர். காய்ச்சல் வராத வீடும் இல்லை. வைத்தியசாலை வாயிலை மிதிக்காத குடும்பமும் இல்லை. ஆதலின் பழம்பெருமை பேசும் பக்கங்களுக்கிடையே இதற்கும் சிறிது இடந்தருதல் தகும்.

காய்ச்சலும் இருமலுமாகச் சேர்ந்தார், மருந்தெடுத்தார், காய்ச்சலும் தணிந்தது, நாளை வீடு செல்லலாம் என்றிருந்த வேளையில் திடீரென மூச்சுத் திணறி உயிர் நீத்தார் - இத்தகைய செய்தியை நம்மிற் பலர் கேட்டிருக்கின்றோம். ‘நெஞ்சடைப்பு’ என்று ஊரார் கூறுவர். ‘விதி’ என்று உறவினர் ஆறுவர். நெஞ்சடைப்பாக இருத்தலும் கூடும். ஆயினும் அத்தகைய இறப்புக்களில் ஒரு பகுதி, காலில் உறைந்த குருதி பெயர்ந்து சென்று நுரையீரல் நாடியை அடைத்ததால் நேர்வது. அதனை முன்கூட்டியே எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் தடுக்கலாம். தடுக்கக்கூடியதை விதி என்று பெயரிட்டு விடுதல் அறிவுடையோர்க்கு அழகன்று.

கொவிட்-19 என்னும் கொள்ளைநோய் இவ்வுண்மையை உலகுக்கு உரக்கச் சொல்லிற்று. இலங்கையில் அந்நோயின் முதல் மரணம் 2020 மார்ச் 28 ஆம் நாள் நிகழ்ந்தது. பின்வந்த ஆண்டுகளில் 16,000 பேருக்கு மேல் மாண்டனர். தொடக்கத்தில் அதனை நுரையீரலைத் தாக்கும் நோய் என்றே யாவரும் கருதினர். சில கிழமைகளுக்குள்ளே நோயாளரின் குருதி வழமைக்கு மாறாக உறைவதை வைத்தியர்கள் கண்டனர். ஒல்லாந்து நாட்டின் மூன்று வைத்தியசாலைகளில் தீவிர சிகிச்சை பெற்ற 184 நோயாளரை ஆராய்ந்தோர், அவர்களுள் நூற்றுக்கு 31 பேருக்குக் குருதியுறைவால் இடர் நேர்ந்தது என 2020 ஏப்பிரலில் வெளியிட்டனர். அந்நோயாளர் யாவரும் உறைவைத் தடுக்கும் மருந்தை முன்னரே பெற்றிருந்தவர் என்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது.

இவ்வாறு நிகழ்வதேன்? கலன்களுள் குருதி உறைவதற்கு மூன்று காரணங்களைக் கூறுவர். அவை பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜேர்மானிய வைத்தியப் பேரறிஞர் ருடொல்வ் விர்கோவின் பெயரால் வழங்குகின்றன. ஒன்று, குருதியோட்டம் தளர்தல். இரண்டு, கலனின் உட்சுவர் பழுதுறுதல். மூன்று, குருதியே எளிதில் உறையும் தன்மை அடைதல். சுவாச நோயாற் படுத்தவரிடத்தில் இம்மூன்றும் ஒருங்கே கூடுகின்றன. அவர் நாட்கணக்கில் அசையாது கிடக்கின்றார். கெண்டைக்காற் தசைகள் சுருங்கி விரிந்து குருதியை மேலே தள்ளும் தொழில் நின்றுபோகின்றது. காய்ச்சலாலும் உணவு நீர் குறைவதாலும் உடல் வறள்கின்றது. வைரசும் அதனை எதிர்க்கும் உடலின் அழற்சியும் கலன்களின் உட்சுவரைப் புண்படுத்துகின்றன. அவ்வழற்சியே ஈரலைத் தூண்டி உறைதற்கு வேண்டிய புரதங்களை மிகுவிக்கின்றது. குருதிச் சிறுதட்டுக்களும் ஒன்றோடொன்று ஒட்ட முந்துகின்றன.

இங்ஙனம் காலின் ஆழ்நாளத்திலே தோன்றும் உறைகட்டி சில வேளை அங்கேயே தங்கி வீக்கத்தையும் நோவையும் தரும். சில வேளை ஓர் அறிகுறியும் காட்டாது. அது பெயருமாயின், இதயத்தின் வலப்பக்கத்தைக் கடந்து நுரையீரல் நாடியிற் சென்று சிக்கும். சிறு கட்டியாயின் மூச்சிளைப்பும் நெஞ்சு நோவும் உண்டாகும். பெரிதாயின் சில நிமிடங்களில் உயிர் போகும். கொவிட் நோயிலே கால் நாளத்தைச் சாராது நுரையீரலின் நுண்கலன்களிலேயே உறைவு தோன்றுவதும் உண்டு. 2020 மே மாதத்தில் வெளியான ஓர் ஆய்விலே, கொவிட்டால் இறந்தோரின் நுரையீரல் நுண்கலன்களிற் காணப்பட்ட உறைகட்டிகள் இன்புளுவென்சாவால் இறந்தோரிடத்துக் காணப்பட்டவற்றிலும் 9 மடங்கு மிகுதி எனக் கண்டனர்.

கொவிட் ஓய்ந்தது, இனி இப்பேச்சு எதற்கு என்று சிலர் கருதலாம். அக்கருத்து தவறு. இடர் கொவிட்டில் மிகுதி என்பது உண்மை. கொவிட்டில் மட்டுமே என்பது உண்மையன்று. ஐக்கிய அமெரிக்காவில் வைத்தியசாலைகளிற் சேர்ந்தோரை ஒப்பிட்டு 2022 இல் வெளியான பெரும் ஆய்வொன்று, சேர்ந்த 90 நாட்களுள் நாளங்களிற் குருதியுறைவு கண்டோர் இன்புளுவென்சா நோயாளருள் நூற்றுக்கு 5.3 பேர் எனவும், தடுப்பூசி வருமுன் கொவிட் நோயாளருள் 9.5 பேர் எனவும், வந்தபின் 10.9 பேர் எனவும் காட்டிற்று. இன்புளுவென்சாவிலும் இருபதின்மருள் ஒருவருக்கு இவ்விடர் உண்டு என்பது அற்பமான செய்தியன்று. நாடிகளின் நிலையும் இதுவே. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நிகழ்ந்து 2018 இல் வெளியான ஆய்வு, இன்புளுவென்சா உறுதிப்பட்ட பின் வரும் 7 நாட்களில் மாரடைப்பு நேரும் வாய்ப்பு 6 மடங்காகின்றது என நிறுவிற்று. எனவே ‘வெறும் தடிமன் காய்ச்சல்’ என்று நாம் வழங்கும் சொல்லில் ‘வெறும்’ என்பதை விட்டுவிடுதல் நன்று.

இதனைத் தடுக்கும் மருந்தோ புதிதன்று. 1918-1919 இல் உலகை வாட்டிய இன்புளுவென்சா இலங்கையிற் சுமார் 3 இலட்சம் உயிர்களைக் கொண்டு சென்றிருக்கும் என ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டுள்ளனர். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 1916 இல், அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மக்லீன் என்னும் மாணவர் குருதி உறைவதைத் தடுக்கும் பொருளொன்றைத் தற்செயலாகக் கண்டார். ஈரலிலிருந்து கிடைத்தமையால் அவர் ஆசிரியர் அவ்வழிப் பொருளுக்கு ஹெப்பாரின் என்று பெயரிட்டார். கொள்ளைநோயும் அதன் ஒரு கூற்றைத் தணிக்கவல்ல மருந்தும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வெளிப்பட்டும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. 1930களிலேதான் ரொறன்ரோவிலும் ஸ்ரொக்கோமிலும் அம்மருந்து தூய்மையாக்கப்பட்டு நோயாளருக்கு வழங்கப்பட்டது. எம் உறவினர் இன்று பல்லாயிரவராக வாழும் ரொறன்ரோ நகரிலே அப்பணி நடந்தது என்பதை அங்குள்ள பழைய மாணவர் அறிந்து மகிழ்வராக.

தடுப்பு முறை பயனுடையது என்பதை ஐயத்துக்கிடமின்றி நிறுவியவர் ஓர் இந்தியர். இந்தியாவில் மருத்துவம் பயின்று இலண்டன் கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலையிற் பணியாற்றிய விஜய் கக்கர், பல நாடுகளைச் சேர்த்து நடத்திய ஆய்வின் முடிவை 1975 இல் வெளியிட்டார். பெரிய அறுவைச் சிகிச்சைக்கு உட்பட்ட 4,121 பேர் அதில் இடம்பெற்றனர். சிறிதளவு ஹெப்பாரின் பெற்றோருள் நுரையீரல் நாடி அடைபட்டு இறந்தவர் 2 பேர். பெறாதோருள் 16 பேர். தோலின் கீழே ஏற்றும் சிறு ஊசி. அதனைக் கொடுக்கத் தாதி ஒருவர் போதும். பெரும் கருவி எதுவும் வேண்டியதில்லை. அறுவைச் சிகிச்சை பெறுவோருக்கு அன்று உலகம் கற்ற பாடத்தை, காய்ச்சலாற் படுத்தவருக்கும் உரியதாக்க நெடுங்காலம் சென்றது.

இதனைக் கேட்டவுடன், அங்ஙனமாயின் காய்ச்சல் வந்தோர் யாவருக்கும் இம்மருந்தை மிகுதியாகக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். ஈண்டுத்தான் நிதானம் வேண்டும். 2021 இல் வெளியான பெரும் பரிசோதனையிலே, நோய் நடுத்தரமாயிருந்த 2,219 கொவிட் நோயாளருள், முழு அளவு ஹெப்பாரின் பெற்றோரில் நூற்றுக்கு 80.2 பேர் செயற்கைச் சுவாசம் போன்ற உறுப்புத் துணைகள் இன்றிப் பிழைத்து வீடு சென்றனர்; வழமையான அளவு பெற்றோரில் 76.4 பேர் அவ்வாறு சென்றனர். ஆயின் தீவிர நிலையை அடைந்துவிட்டவர்க்கு அதே முழு அளவு பயன் தரவில்லை. முழு அளவு பெற்றோரிடத்துக் கடுங்குருதிப் பெருக்கும் சற்று மிகுந்தது. அஸ்பிரினையோ, ஏறத்தாழ 15,000 நோயாளரிடத்துப் பிரித்தானியர் முன்னின்று சோதித்தனர். இறப்பு குறையவில்லை என்பதே முடிவு. ஒரே நோயில், ஒரே மருந்து, ஒரு நிலையிலே துணையாகவும் மற்றொரு நிலையிலே பயனற்றதாகவும் அமைகின்றது.

எமது மாவட்டத்தவர்க்கு இந்நிதானத்தின் தேவையை விளக்க வேண்டுவதில்லை. டெங்கு அதனைக் கற்பித்துள்ளது. 2017 இல் இத்தீவிலே 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். அவ்வாண்டின் முற்பகுதியிற் கிண்ணியா பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. வீட்டுக்கு வீடு காய்ச்சல், பள்ளிக்கூடங்கள் பூட்டு, அடுத்தடுத்து மரணங்கள். டெங்கு நோயிலே குருதிச் சிறுதட்டுக்கள் குறைகின்றன. குருதி கசியும் ஆபத்து மிகுகின்றது. ஆகவே காய்ச்சலுக்கு அஸ்பிரின் கொடாதீர் என்று அன்று வைத்தியர் ஊர்தோறும் அறிவுறுத்தினர். அவ்வறிவுரை இன்றும் செல்லும். வாடைக்காலத்து மழையோடு இங்கே டெங்கும் பெருகுகின்றது, சுவாச நோய்களும் பெருகுகின்றன. முதல் நாளில் இரண்டும் காய்ச்சலே. ஒன்று குருதியைக் கசியச் செய்வது; மற்றொன்று உறையச் செய்வது. ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சாகலாம். எனவே, ‘குருதி உறையுமாம்’ என்று கேள்வியுற்று வீட்டிலேயே அஸ்பிரின் விழுங்குவது பெருந்தவறு. அது வைத்தியரின் தீர்ப்புக்குரியது.

இன்னுமொன்று. மாவட்டத்தின் வடமேற்கே பதவி சிறிபுர முதலாய பகுதிகளில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பரவியுள்ளது. நீரிழிவாற் சிறுநீரகம் பழுதுற்றோர் எங்கும் உளர். இக்காலத்திற் பெரிதும் வழங்கும் எனொக்சாபாரின் என்னும் ஹெப்பாரின் வகை சிறுநீரக வழியே வெளியேறுவது. சிறுநீரகம் தளர்ந்தவரிடத்து அது உடலிலே தங்கிக் குருதிப் பெருக்கை உண்டாக்கும்; அளவைக் குறைத்தலோ வேறு வகையைத் தெரிதலோ வேண்டும். நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் ஆய்ந்தே மருத்துவன் செயற்படுதல் வேண்டும் எனத் திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திற் கூறியதற்கு இதனினும் சிறந்த விளக்கம் வேண்டுமோ?

எனவே எமது கருத்து இதுவாகும். வைரசுச் சுவாச நோயால் வைத்தியசாலையிற் சேரும் ஒவ்வொருவருக்கும், சேர்ந்த நாளிலேயே, குருதி உறையும் ஆபத்து எவ்வளவு, குருதி பெருகும் ஆபத்து எவ்வளவு என்று இரண்டையும் எடைபோட்டு, அம்முடிவை ஒரு தாளிற் பதிதல் வேண்டும். வயது, உடற்பருமன், புற்றுநோய், கருப்பம், முன்பு உறைவு நேர்ந்ததா, எழுந்து நடக்க இயலுமா என்பன ஒரு புறம். டெங்கு ஐயம், சிறுதட்டுக்களின் தொகை, சிறுநீரக நிலை, வயிற்றுப்புண், அண்மையில் மூளையிற் குருதி கசிந்ததா என்பன மறு புறம். பத்துப் பன்னிரண்டு வினாக்கள். ஐந்து நிமிட நேரம். மருந்து வேண்டுமென்றால் கொடுக்கலாம். வேண்டாமென்றால் வேண்டாமை ஏன் என்று எழுதலாம். எண்ணிப் பாராமல் விடுவது மட்டும் கூடாது.

இது நடவாத கனவன்று. இங்கிலாந்திலே வைத்தியசாலை சார்ந்த குருதியுறைவால் ஆண்டுதோறும் 25,000 பேர் மாள்கின்றனர் என்ற மதிப்பீட்டைப் பாராளுமன்றக் குழுவொன்று 2005 இல் வெளியிட்டது. 2010 இல் அந்நாட்டுத் தேசிய சுகாதார சேவை, சேரும் நோயாளருள் நூற்றுக்கு 90 பேருக்காவது இவ்வெடைபோடுதல் நடைபெறல் வேண்டும் என விதித்து, அதனைக் கணக்கெடுக்கவும் தொடங்கிற்று. தாள் ஒன்றும் கணக்கு ஒன்றும் பெரியதொரு மாற்றத்தை உண்டாக்கின. பிரித்தானியரிடமிருந்து நாம் கல்லூரிகளையும் துறைமுகக் கட்டடங்களையும் பெற்றோம். இப்பழக்கத்தையும் பெற்றுக்கொள்வதில் இழிவில்லை.

வைத்தியரும் தாதியரும் குறைந்த இடத்தில் இன்னுமொரு தாளா என்னும் மறுப்பு எழும். அம்மறுப்பு நேர்மையானது. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் எமது அரசாங்க வைத்தியசாலைகள் மருந்துக்கும் ஊசிக்கும் பட்ட துன்பத்தை நாடறியும். அதற்குப் பின் பல வைத்தியர் நாட்டைவிட்டும் சென்றனர். ஆயினும் பற்றாக்குறை உள்ள இடத்திலேதான் எடைபோடுதல் மிகவும் வேண்டப்படும். மருந்து சிறிதாயின் அது யாருக்கு முதலில் என்று அறிதல் வேண்டுமன்றோ? அன்றியும், நுரையீரல் நாடியடைப்பை உறுதி செய்யும் ஊடுகதிர்க் கருவி எல்லா வைத்தியசாலைகளிலும் இல்லை. வந்தபின் கண்டுபிடிப்பது அருமையாயிருக்கும் இடத்தில், வருமுன் காப்பதே சிக்கனம்.

அடுத்து, வைத்தியசாலையை விட்டு வீடு செல்லும் நாளைப் பற்றிக் கூறுதல் வேண்டும். ஆபத்து வாயிலோடு நின்றுவிடுவதில்லை. சுவீடன் நாட்டிற் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கொவிட் நோயாளரை ஆராய்ந்து 2022 இல் வெளியிட்ட முடிவின்படி, ஆழ்நாள உறைவின் ஆபத்து 3 மாதங்கள் வரையும் நுரையீரல் நாடியடைப்பின் ஆபத்து 6 மாதங்கள் வரையும் உயர்ந்தே இருந்தது. இலங்கைத்துறை முகத்துவாரம், ஈச்சிலம்பற்று, வெருகல் ஆகிய தெற்கூர்களைச் சேர்ந்தவரை எண்ணிப் பாருங்கள். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு அவர் வருவதாயின் மூதூர், கிண்ணியா வழியே கொட்டியாரக் குடாவைச் சுற்றி வரல் வேண்டும். 2009 ஒக்டோபரிற் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதால் பாதைக்குக் காத்திருக்கும் துயர் நீங்கிற்று, தூரம் நீங்கவில்லை. நள்ளிரவில் மூச்சடைத்தால், அது எதனால் என்று வீட்டார்க்குத் தெரிந்திருந்தாலன்றி, விடியட்டும் என்றே காத்திருப்பர். அக்காத்திருப்பே உயிரைக் கொள்ளும்.

வீடு செல்லும் நோயாளியின் கையிற் கொடுக்கும் அட்டை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றது. அது அடுத்த வைத்தியருக்கு உதவும். அம்மம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பேத்திக்கு உதவாது. அவ்வட்டையோடு, தமிழிலும் சிங்களத்திலும் பத்து வரிகள் அச்சிட்ட ஒரு துண்டும் கொடுத்தல் வேண்டும். அதில் எழுத வேண்டியவை சில. ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, கெண்டைக்கால் நொந்து சிவந்து சூடானாலோ, திடீரென மூச்சிளைத்தாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தினாலோ, இருமலிற் குருதி வந்தாலோ, மயக்கம் வந்தாலோ தாமதியாது வைத்தியசாலைக்கு வருக. உறைவுத் தடுப்பு மருந்து பெறுவோர் பல்லீறிலோ சிறுநீரிலோ மலத்திலோ குருதி கண்டால் அன்றே வருக. இவ்வளவே. எமது கல்லூரியை நடத்திய விபுலானந்த அடிகள் விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தமிழிலே ஆக்கும் பணியில் முன்னின்றவர். அவர் வழிவந்தோர் ஊரிலே, உயிர்காக்கும் பத்து வரிகள் தமிழிற் கிடையாமலிருத்தல் பொருந்துமோ?

குருதியுறைவு என்றவுடன் பலர் தடுப்பூசியையே நினைக்கின்றனர். இலங்கையில் 2021 சனவரி 29 ஆம் நாள் தொடங்கிய தடுப்பூசிப் பணியில் முதலில் வழங்கப்பட்ட அஸ்ட்ராசெனெகா ஊசி, மிக அரிதாக ஒருவகைக் குருதியுறைவை உண்டாக்கியது உண்மை. அது மறைக்கத்தக்கதன்று. ஆயின் அது இலட்சத்துக்கு ஒருவர் இருவர் என்னும் அளவினது; அவ்வூசியும் 2024 இற் சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. நோய் கொண்டு வைத்தியசாலையிற் கிடப்போர்க்கு வரும் உறைவோ நூற்றுக்கு இத்தனை பேர் என்று எண்ணத்தக்கது. இலட்சத்தில் ஒன்றுக்கு அஞ்சி, நூற்றிலே ஐந்தையும் பத்தையும் மறத்தல் கணக்கறிந்தோர் செயலன்று. முதியோரும் நீரிழிவு, இதய நோய் உடையோரும் இன்புளுவென்சாத் தடுப்பூசி பற்றித் தம் வைத்தியரைக் கேட்டறிதல் நன்று.

பேசத் தயங்கும் ஒன்றையும் பேசிவிடுவோம். இன்று வழங்கும் ஹெப்பாரின் வகைகள் பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுபவை. சைவரும் முசிலிம்களும் கலந்து வாழும் எமது மாவட்டத்தில் இது சிலர் மனத்தை உறுத்தலாம். உயிர் காக்கும் இன்றியமையா நிலையில் மருந்தை ஏற்கலாம் என்பதே இரு சமயத்துப் பெரியோர் பலரதும் கருத்து. ஆயினும் முன்னரே சொல்லி உடன்பாடு பெறுதலே முறை. பின்னர் அறிந்து வருந்துமாறு விடுதல் நம்பிக்கையைக் கெடுக்கும். வேண்டாதவருக்கு மாற்று மருந்துண்டா என்று ஆராயும் கடன் வைத்தியருடையது.

வைத்தியசாலைக்கு மட்டும் கடன் உரைத்து நாம் விலகிவிடலாகாது. நோயாளியைச் சூழ நிற்கும் நமக்கும் கடனுண்டு. காய்ச்சல் வந்தவர் அசையாது கிடத்தலே நலம் என்பது நம்மவரிடை ஊறிய எண்ணம். ‘நீங்கள் எழும்பாதேயுங்கோ, அப்பு’ என்று அன்பினாலே கட்டிலோடு கட்டிவைக்கின்றோம். தடிமன் கூடும் என்று தண்ணீரையும் குறைக்கின்றோம். அன்பு நல்லது, முறை தவறு. வைத்தியர் தடுத்தாலன்றி, நாளுக்குப் பல முறை எழுப்பி இருத்துதலும், சில அடி நடக்கச் செய்தலும், படுக்கையிலேயே பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் செய்தலும், போதிய நீராகாரம் கொடுத்தலும் வேண்டும். நோயாளியைப் பார்க்க வருவோர் பழமும் பிசுக்கோத்தும் கொண்டுவந்து கட்டிலைச் சுற்றி நிற்பதினும், அவர் கையைப் பிடித்து விறாந்தையில் ஒருமுறை நடத்திச் செல்வது பேருதவியாகும். சுவாச நோய் தணிந்த சில நாட்களிலேயே நெடுந்தூர விமானப் பயணம் மேற்கொள்ளும் எம் கடல்கடந்த அன்பர்களும் வைத்தியரை வினவிய பின்னரே புறப்படுவாராக.

இறுதியாக எமது பழைய மாணவர் சங்கத்தினருக்கு ஒரு விண்ணப்பம். விழாக் காலங்களில் நாம் கொடைகள் பல செய்கின்றோம். கொடுப்போர் பெயர் பொறித்த கட்டில்களும் கதிரைகளும் கடிகாரங்களும் ஆங்காங்கே காணப்படுகின்றன. அவை வேண்டாமென்று யாம் கூறவில்லை. ஆயினும் பெயர் பொறிக்க இடமில்லாத கொடைகளே சில வேளை பெரிய கொடைகள். ஓர் அச்சிட்ட துண்டில் யாருடைய பெயரும் பொறிக்கப்படுவதில்லை. ஒரு கட்டிலின் விலையில் மாவட்டத்தின் வைத்தியசாலைகளுக்கெல்லாம் வேண்டிய துண்டுகளை அச்சிட்டுவிடலாம். திருகோணமலை, கிண்ணியா, மூதூர், கந்தளாய் வைத்தியசாலைகளிற் பணிபுரியும் வைத்தியரோடு எம் பழைய மாணவராகிய வைத்தியரும் அமர்ந்து வாசகத்தை ஆக்கட்டும். தமிழாசிரியர் பிழை திருத்தட்டும். சிங்களம் அறிந்தோர் மொழிபெயர்க்கட்டும். கடல்கடந்தோர் அச்சுச் செலவை ஏற்கட்டும்.

விர்கோ பிறந்த ஒக்டோபர் 13 ஆம் நாளை 2014 முதல் உலகக் குருதியுறைவு நாளாகக் கொண்டாடி வருகின்றனர். வாடை மழை தொடங்கும் காலமும் அதுவே. ஆண்டுதோறும் அந்நாளில் எமது உயர்தர விஞ்ஞான மாணவர் குருதி ஓடுவதையும் உறைவதையும் பற்றிக் கீழ்வகுப்பினருக்கு எடுத்துரைத்து, அத்துண்டை ஒவ்வொரு மாணவர் கையிலும் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவாராயின், ஒரே மாலைப்பொழுதில் அது நூற்றுக்கணக்கான வீடுகளை அடையும். பரீட்சைக்குப் படித்த பாடம் ஒரு பாட்டனாரின் உயிருக்கும் துணையாகும்.

இதற்கெனக் குழுவொன்றை அமைத்து, வரும் வாடைக்கு முன்னர் முதல் துண்டை வெளியிடுமாறு சங்கத்தினரை வேண்டுகின்றோம். வைத்தியசாலைகளை நடத்துவோரை, சேரும் நாளிலேயே எடைபோடும் தாளை நடைமுறைக்குக் கொண்டுவருமாறு வேண்டுகின்றோம். வாசகரையோ, உம்மவர் ஒருவர் சுவாச நோயோடு படுக்கையிற் சேருமன்று, வைத்தியரிடம் பணிவோடு ஒரு வினாவைக் கேட்குமாறு வேண்டுகின்றோம்: ‘ஐயா, இவருக்குக் குருதி உறையும் ஆபத்தைப் பார்த்தீர்களா?’ கேட்பதில் அவமதிப்பு எதுவும் இல்லை. நல்ல வைத்தியர் அவ்வினாவை வரவேற்பர்.